தூணுக்குப் பின்னால் இருந்த மேஜை

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் என்னைக் கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு பக்கம் இருக்கும் ஓர் இத்தாலியன் ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போனார். கீழே ஒரு மருந்துக்கடை, பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் ஏறக்கூடிய படிக்கட்டு. மேலே போனால் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மேஜை விரிப்புகள். சுவரில் அந்தச் சாய்ந்த கோபுரத்தின் படம். ஏசி காற்றோடு சேர்ந்து பூண்டு வாசனை.

"இங்க அடிக்கடி வருவீங்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே. கம்பெனில யாரோ ஒரு தடவை கூட்டிட்டு வந்தாங்க. உனக்குப் பிடிக்குமேன்னு தோணுச்சு."

வெயிட்டர் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, முன்வழுக்கை, இடுப்பில் கறுப்பு ஏப்ரன். என் கணவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி என்னைப் பார்த்தார். வந்த சிரிப்பை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு, "வாங்க சார், உக்காருங்க" என்றார், முதல் தடவை வருகிறவரிடம் சொல்வது போல.

வெள்ளை சாஸ் பாஸ்தா, பூண்டு ரொட்டி, ஒரு பிட்சா சொன்னோம். பாஸ்தா வந்தபோது கூடவே ஒரு சின்னத் தட்டும் வந்தது. அதில் எண்ணெய் பளபளக்க, கறுகறுவென்று பொரித்த மோர்மிளகாய்.

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்தவள் நான். இத்தாலிக்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மோர்மிளகாய் சாப்பிட மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

"இது நாம கேக்கலையே?" என்றேன்.

வெயிட்டரின் கை அந்தரத்தில் நின்றது. என் கணவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. கண் மட்டும் ஒரு தரம் மேலே போய் வந்தது.

"சாரி மேடம், வேற டேபிளுது" என்று சொல்லி வெயிட்டர் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். எந்த டேபிளுக்குப் போகிறது என்று திரும்பிப் பார்த்தேன். எந்த டேபிளுக்கும் போகவில்லை. நேராகச் சமையலறைக்கே திரும்பிப் போனது.

நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கோரிக்கைகளில் எது நிஜம், எது ஜோடிப்பு என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. வயிற்று வலிக்குப் படுத்தவருக்கு எதற்கு முழங்கால் எக்ஸ்ரே என்று கேட்பேன். பொய் சொல்கிறவர்கள் பெரிய விஷயங்களில் மாட்டுவதே இல்லை, இந்த மாதிரி அசட்டுத்தனமான சின்ன விஷயத்தில்தான் மாட்டுவார்கள். அதனால் அந்த மோர்மிளகாய் என் மனதில் தைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இவர் யாரோடு உட்கார்ந்து இதைத் தின்றிருப்பார் என்றுதான் யோசித்தேன்.

கேட்கவில்லை. புது மனைவி எப்படிக் கேட்பாள்?

அதற்குப் பிறகு அந்தக் கடை எங்கள் வழக்கமாகிவிட்டது. அழைத்துப் போகச் சொன்னது நான்தான். கல்யாண நாள், மகள் பிறந்த நாள், போனஸ் வந்த நாள், எதுவாக இருந்தாலும் அங்கேதான். எனக்கு அந்த ருசி பிடித்துப் போனது ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்கே என் கணவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் ஒரு காலத்தில் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து, தாம்பரத்தில் பிட்சா என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாத நாளில் கடையைத் திறந்திருக்கிறார். ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாரும் பாஸ்தா வேகவில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து அங்கே ஒரு கேள்வி உண்டு. "நம்ம வேக்காடா, அவங்க வேக்காடா?" நம்ம வேக்காடு என்றால் இடியாப்பம் மாதிரி குழைந்திருக்கும். அவங்க வேக்காடு பல்லில் கடிபடும். மெயின் ரோட்டில் பெரிய பெரிய பிட்சா கடைகள் வந்தன, அவற்றில் சில மூடின, சில பேர் மாறின. இந்தக் கடை மருந்துக்கடைக்கு மேலே அப்படியே இருந்தது. தக்காளி சாஸில் கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருக்கும். பிட்சாவின் ஓரம் கருகியிருக்கும், அந்தக் கருகலுக்காகவே நான் ஓரத்தைக் கடைசிவரை வைத்திருந்து சாப்பிடுவேன்.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு. நான், கணவர், மகள், மாமியார். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். பையன் ஒரே பிள்ளை, பிக்கல் பிடுங்கல் கிடையாது என்று சொல்லித்தான் தரகர் இந்த வரனைக் கொண்டு வந்தார். மாமியார் பேசுவது குறைவு. சுத்த சைவம், வெளியில் காபிகூடக் குடிக்க மாட்டார். கூப்பிட்டால், "அந்த நாத்தம் எனக்கு ஆகாது, நீங்க போயிட்டு வாங்க" என்பார்.

கடையின் உள்பக்கத்தில் ஒரு பெரிய தூண் உண்டு. அதற்குப் பின்னால் இரண்டு பேர் உட்காரும் ஒரு மேஜை. படியேறி வருகிறவர்களுக்கு அந்த மேஜை தெரியாது. ஒரு தடவை கூட்டம் அதிகமாக இருந்த நாளில் வெயிட்டர் வாய் தவறி, "சார், உங்க டேபிள் காலியாத்தான் இருக்கு" என்றார்.

"எந்த டேபிள்?" என்று கேட்டேன்.

"அது... ஓரத்துல ஒண்ணு இருக்கு மேடம். காத்து வராது."

"பரவாயில்ல, நாங்க வெயிட் பண்றோம்" என்றார் என் கணவர் வேகமாக. எப்போதும் பசி தாங்காத மனிதர், அன்று படிக்கட்டில் நின்றுகொண்டே காத்திருந்தார். மகள் சிணுங்கியும் அந்தப் பக்கம் போகவில்லை.

"அந்த டேபிள்ல என்ன?" என்று அன்று வீட்டில் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ எல்லாத்தையும் கேஸ் மாதிரியே பாக்காத" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார்.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அந்தக் கவுன் வந்தது. மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து, ஓவர்டைம் பார்த்தேன் என்று தாமதமாக வந்தார். பையிலிருந்து ஒரு ஆரஞ்சு நிறக் கவுனை எடுத்து, "கூட வேலை செய்யறவரோட வொய்ஃப் தைப்பாங்களாம். பாப்பாவுக்குன்னு குடுத்தாங்க" என்றார்.

நெஞ்சுப் பகுதியில் தேன்கூடு போலத் துணியைச் சுருக்கி, நூல் வேலை செய்திருந்தது. கடையில் கிடைக்காத வேலைப்பாடு. போட்டுப் பார்த்தோம். தோள், கை, உயரம் எல்லாம் அளவெடுத்தது போலப் பொருந்தியது. என் மகளைப் பார்த்தே இராத ஒரு பெண் எப்படி இவ்வளவு சரியாகத் தைத்தாள்? துணியை முகத்தருகே கொண்டுபோனேன். சோப்பு வாசனைக்கு அடியில் லேசாகக் கருவாட்டு வாசனை. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை.

மாமியார் கவுனை வாங்கிப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கமாகத் திருப்பி, தையல் ஓடிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"நல்லா தைச்சிருக்கா" என்று சொல்லி மடித்துக் கொடுத்தார்.

தைச்சிருக்கா. வாசலில் கீரை விற்க வருகிற அம்மாவைக்கூட "வந்தாங்க, போனாங்க" என்றுதான் சொல்வார் என் மாமியார். யாரென்றே தெரியாத ஒருத்தியை எப்படி "தைச்சிருக்கா" என்று சொல்ல முடியும்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவருக்கு ஒருத்தி இருக்கிறாள். அவளை மாமியாருக்கும் தெரியும். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள். மறுநாளிலிருந்து மாமியார் போட்டுக் கொடுக்கும் காபியைக்கூட நான் ஒரு மாதிரியாகத்தான் குடித்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் அம்மாவிடம் சொன்னால் மறுநாளே பஸ் ஏறி வந்து நின்றிருப்பாள். கையில் ஒரு கவுனும் ஒரு மோர்மிளகாயும் மட்டும் இருக்கும்போது யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது?

அதன் பிறகு ஒரு வாரநாளில், சேலையூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. ஷேர் ஆட்டோவில் கேம்ப் ரோடு வழியாக வந்தபோது, மருந்துக்கடை வாசலில் எங்கள் ஸ்கூட்டர் நின்றது. காலையில்தான், "இன்னைக்கு ஓவர்டைம் இருக்கும், லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசலில் நின்று, உள்ளே மாட்டியிருந்த கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு படியேறினேன்.

மத்தியானக் கூட்டம் வடிந்து கடை காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் வெயிட்டர் ஓடி வந்து வழியை மறித்துக்கொண்டார்.

"மேடம், கிச்சன் க்ளோஸ் பண்ணிட்டோம். ஆறு மணிக்கு மேல வாங்களேன்."

"சூப் இருந்தாப் போதும் அண்ணா" என்று சொல்லி, படிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துவிட்டேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து என் கணவரின் சிரிப்பு கேட்டது. வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சத்தமாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. கூடவே ஒரு பெண் குரல். சூப் வந்தது. வெயிட்டர் நகரவில்லை. பக்கத்திலேயே நின்று தோள் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளா வராங்க?" என்று கேட்டேன்.

"மேடம், நீங்க நினைக்கற மாதிரி இல்ல. அவங்க நல்லவங்க."

"நான் என்ன நினைக்கறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் எழுந்து தூணைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் முள்கரண்டியைத் தொடாமல், கையாலேயே பாஸ்தாவை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நைலக்ஸ் புடவை, வெயிலில் காய்ந்து கறுத்த முகம், காதோரம் நரை. தட்டுக்குப் பக்கத்தில் பொரித்த மோர்மிளகாய். நான் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளோடு வாயைத் திறந்தேன். அவள் நிமிர்ந்தாள். என் வாய் அப்படியே நின்றுவிட்டது. அதே தாடை. அதே அகலமான நெற்றி. புருவத்தைத் தூக்கிப் பார்க்கும் அதே பார்வை. என் மாமியாரைக் கொஞ்சம் இளமையாக்கி, வெயிலில் நிறுத்தி வைத்தது போல இருந்தது.

என் கணவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து தூணில் மோதியது.

"இன்னாடா இப்படி முழிக்கற? யாரு இது?" என்றாள் அந்தப் பெண். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. "ஐய, இவளா! ஒக்காரு மா, ஒக்காரு. மொகமே வாடிக் கீது. சாப்டியா இல்லியா?"

"யாருங்க இவங்க?" என்று நான் அவரைத்தான் கேட்டேன்.

"அக்கா" என்றார். நாற்காலியை நேராக்கிக்கொண்டே மறுபடியும் சொன்னார். "என் கூடப்பொறந்த அக்கா."

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாதிக்கு மேல் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அப்போது குடும்பம் குரோம்பேட்டையில் இருந்திருக்கிறது. அவள் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலைக்குப் போயிருக்கிறாள். கம்பெனி வேன் ஓட்டியவர் கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். வீட்டில் சொன்னபோது அப்பா கதவைச் சாத்திவிட்டார். கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா, அவள் இருந்த படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, குரோம்பேட்டை வீட்டை விற்று, யாருக்கும் தெரியாத மாடம்பாக்கத்துக்கு வந்து, ஒரே பிள்ளை என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு வரன் பார்த்தபோது என் அப்பா மாடம்பாக்கத்தில்தான் விசாரித்தார்.

"எங்க வூட்டுக்காரரு இப்ப சொந்தமா ஒரு போட்டு வெச்சிகினு கடலுக்குப் போறாரு. மாமியா மீன் விக்குது. நான் தையல் மிஷின் போட்டுகினு கீறேன். நல்லாத்தான் கீறோம்" என்றாள்.

"ஏன் இந்தக் கடை?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் சிரித்தாள். "நம்ம சொந்தக்காரங்க எங்க போனாலும் இட்லி கெடைக்குமான்னு கேட்டுகினு போறவங்க. இந்த சீஸ் நாத்தத்துக்குள்ள எவன் வரப்போறான்? நான் வண்டலூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கேர்ந்து ஒரு பஸ் புடிச்சி வந்துடுவேன். மொத தபா வந்தப்ப இந்த வெள்ளச் சோறு மாதிரி கீறத வாய்ல வெக்க முடியல. தம்பிக்குன்னு எடுத்தாந்த மோர்மொளகா பையில இருந்துது. இந்த அண்ணன்தான் பொரிச்சிக் குடுத்தாரு. அப்பால ஒரு டப்பா கொணாந்து குடுத்துட்டேன், கிச்சன்லயே கெடக்குது."

"அந்தக் கவுன்?"

"புடிச்சிருந்துதா? தம்பி போன்ல போட்டோ காட்டுச்சி. புள்ள செவுத்தாண்ட நின்னுகினு இருந்துச்சி. சுவிட்ச் போர்டுக்கு எவ்ளோ ஒசரம்னு பாத்து தச்சேன்."

நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. பயம் இறங்கிய இடத்தில் கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவரைப் பார்த்து, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"அப்பா படத்து மேல அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. அவ பேச்சை எடுத்தா நான் உயிரோட இருக்க மாட்டேன்னாங்க. உன்கிட்ட சொன்னா..."

"சொன்னா?"

"நீ அம்மாகிட்ட சொல்லிட்டா என்ன பண்றதுன்னு..."

இத்தனை வருஷம் நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே பாத்திரத்தில் சோறு போட்டுக்கொண்டு, இவள் நம் ஆள்தானா என்று யோசித்திருக்கிறார். ஸ்கூட்டரில் திரும்பும்போது அவர் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாள் தேவைக்கு மட்டும் பேசினேன்.

ஆனால் அடுத்த மாதம் நானும் அந்த மேஜைக்குப் போனேன். வெயிட்டர் சிரித்துக்கொண்டே மூன்றாவது நாற்காலி கொண்டு வந்து போட்டார். அவர் அக்காவை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அண்ணிக்கு மகளின் புதுப் படங்களைக் காட்டினேன். இந்த ஏற்பாட்டில் சேர்ந்த பிறகு என் சந்தேகம் குறையும் என்று நினைத்தேன், நடந்தது வேறு. கேம்ப் ரோடு சிக்னலில் யாராவது உற்றுப் பார்த்தால் கணவரின் சித்தப்பா வீட்டு ஆளோ என்று தோன்றும். வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றிவிடுவேன், பூண்டு வாசனை காட்டிக் கொடுத்துவிடுமோ என்று.

மாமியார் எங்களைப் பார்க்கிற பார்வையும் மாறியிருந்தது. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பார். ஒன்றும் கேட்காமல் போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "அந்த இத்தாலிக் கடைக்கு என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போம்மா."

எனக்குக் கத்தி நழுவியது. "உங்களுக்கு அங்க எதுவும் பிடிக்காது அத்தை."

"பிடிக்கும்னு சொன்னேனா?"

கணவரிடம் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சு. அங்க வந்து எல்லார் முன்னாடியும் ஏதாவது பண்ணப் போறாங்க" என்றார். வேண்டாம் என்றால் இன்னும் சந்தேகம் வரும். அழைத்துப் போனால் வெயிட்டர் உளறிவிடலாம். கடைசியில், அக்காவிடம் சொல்லாமல், அவள் வராத ஒரு சனிக்கிழமை போய்வந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மகளை என் தோழி வீட்டில் விட்டோம்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார். ஜன்னல் பக்க மேஜையில் உட்கார்ந்து, முந்தானையால் முள்கரண்டியைத் துடைத்தார். வெயிட்டரிடம் விசாரணை நடந்தது. இதில் முட்டை உண்டா? மீன் செய்த சட்டியில் செய்ததா? எந்த எண்ணெய்? சத்தம் கேட்டுக் கடைக்காரரே வெளியே வந்து, "தனி அடுப்பு, தனிச் சட்டி மா. வேணும்னா உள்ள வந்து பாருங்க" என்றார். மாமியார் நிஜமாகவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பாஸ்தா வந்தது, நம்ம வேக்காட்டில். ஒரு வாய் வைத்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. இன்னொரு வாய் வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வெயிட்டரை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அவ எந்த எடத்துல உக்காருவா?"

வெயிட்டர் எங்களைப் பார்த்தார். என் கணவர் மேஜை விரிப்பைப் பார்த்தார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன்" என்றார் மாமியார்.

வெயிட்டர் தூணைக் காட்டினார். மாமியார் எழுந்து அங்கே போய் உட்கார்ந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா" என்றார் என் கணவர். "உனக்கு எப்படி..."

"கவுன் வந்த அன்னிக்கே தெரியும். அந்தத் தையலை அவளுக்குக் கத்துக் குடுத்தது யாரு? அன்னிக்கு இவன் சட்டையில இந்தக் கடையோட பூண்டு நாத்தம் வேற."

"அப்பவே ஏன் கேக்கல அத்தை?" என்றேன்.

"கேட்டா இவன் பயந்துட்டுப் போறதை நிறுத்திடுவான். இவன் ஒருத்தனாவது பாத்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைப்பியோன்னு வேற இருந்துச்சு. பொண்ணு எடுக்கும்போது மறைச்சுட்டாங்கன்னு உங்க வீட்டுல சொல்லி ரகளை பண்ணினா?"

ஆக, அவரும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

அடுத்த மாதம் அண்ணியை வரச் சொன்னோம். யார் வருகிறார் என்று முன்பே சொல்லிவிட்டோம். அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் வந்ததும் எழுந்து நின்றாள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்து நான் கைக்குட்டையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

"கறுத்துப் போயிட்ட" என்றார் மாமியார்.

"கடலோரம் இல்ல? வெயிலு."

"பேச்சு ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"எத்தினி வருசம் ஆச்சி. மாறாம இன்னா பண்ணும்?"

உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் இருவரும் பூண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அண்ணி மெல்லச் சொன்னாள். "அப்பா போனப்ப தெருமுனை வரைக்கும் வந்தேன். சித்தப்பா திருப்பி அனுப்பிட்டாரு."

"எனக்குத் தெரியாது" என்றார் மாமியார்.

அது உண்மைதானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. சொல்லும்போது அவர் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. ரொட்டியைப் பார்த்தார்.

மாமியார் திடீரென்று கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன நுனிகள். கட்டைவிரலால் அவற்றைத் தேய்த்துக்கொண்டே, "வீட்டுக்கு நான் கூப்பிட மாட்டேன். அவர் இருந்த வீடு. அதை நீ எதிர்பாக்காத" என்றார்.

"நான் கேக்கவே இல்லியே மா" என்றாள் அண்ணி. அதற்குப் பிறகுதான் அவள் கண் நிறைந்தது. வெயிட்டர் சரியாக அந்த நேரத்தில் தக்காளிப் பாஸ்தாவைக் கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டுப் போனார். மாமியார் கரண்டியால் எடுத்து முதலில் அவள் தட்டில் போட்டார்.

அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. மாதம் ஒரு தடவை, தூணுக்குப் பின்னால், இப்போது இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு. மகளும் வருகிறாள். அவளுக்கு இந்தப் புது அத்தை என்றால் உயிர். மாமியார் இன்னும் ஒவ்வொரு தடவையும் தனிச் சட்டிதானா என்று கேட்கிறார். வீட்டுக்கு மட்டும் அண்ணியை அவர் கூப்பிடவில்லை. கணவருக்கு அதில் வருத்தம். நானும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் கீழ்வீட்டு அக்கா என்னை நிறுத்தினார். "உங்க வீட்டுல உங்க மாமியாரோட மத்தியானம் ஒரு அம்மா பேசிட்டு இருந்தாங்களே, சொந்தமா? போன மாசமும் பாத்தேன். நல்ல கறுப்பா, தலை நிறைய பூ வச்சிக்கிட்டு."

"தெரியலையேக்கா" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

இரவு சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்டேன். "மத்தியானம் யாராவது வந்தாங்களா அத்தை?"

"கேஸ்காரன் வந்தான்" என்றார் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "வேற யாரு வரப்போறா?"

பாத்திரம் தேய்க்கப் போனபோது சிலிண்டரை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். முக்கால்வாசி காலியாக இருந்தது. புதிது எதுவும் வந்திருக்கவில்லை. கணவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் சந்தோஷத்தில் போய் அம்மாவிடம் கேட்டுவிடுவார்.